வாளுக்கு ஒரு டி.சி.

ஜப்பானில் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். வாள் வைத்துக்கொள்ள? கல்வி வாரியத்துக்குப் போக வேண்டும்.

ஜோக் இல்லை. பரணில் தாத்தா காலத்து வாள் ஒன்று அகப்பட்டால் முதலில் போலீசுக்குத் தகவல் சொல்கிறார்கள். அப்புறம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாகாணக் கல்வி வாரியத்தின் முன் ஆஜராகிறார்கள். அங்கே நிபுணர்கள் அளந்து, புரட்டிப் பார்த்து, 'இது கலைப்பொருள்தான்' என்று ஒரு பதிவுச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு வாளுக்குத்தான், வைத்திருப்பவருக்கு இல்லை. வாள் கை மாறினால் சீட்டும் கூடவே போகும். ஸ்கூல் மாறும் பையனின் டி.சி. மாதிரி.

கொல்வதற்கென்றே செய்த ஒரு சாமான் எப்படிக் கல்வித் துறையிடம் போய்ச் சேர்ந்தது? இதற்கான விடை டோக்கியோவில் ரியோகொகு என்ற பேட்டையில் ஒரு சின்ன மியூசியமாக நிற்கிறது. ஜப்பானிய வாள் மியூசியம். நடத்துவது ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம். சங்கத்தின் பெயரை இன்னொரு தடவை படியுங்கள். 'கலை வாள்.' அந்த 'கலை' சும்மா அலங்காரத்துக்குப் போட்ட வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் இந்த வாள்களின் உயிரைக் காப்பாற்றியது. இந்த மியூசியத்தின் பலமும் அதுதான், குறையும் அதுதான் என்பது என் கட்சி. விளக்குகிறேன்.

முதலில் இடம். ரியோகொகு சுமோ பயில்வான்களின் பேட்டை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பிரம்மாண்டமான சுமோ அரங்கம். அதைத் தாண்டி நடந்தால் யசுதா தோட்டம் என்று ஒரு பழைய ஜப்பானியத் தோட்டம். நடுவில் குளம், குளத்தைச் சுற்றிக் கல் பாதை. அதன் ஓரத்தில் ஆர்ப்பாட்டமில்லாத மூன்று அடுக்குக் கட்டடம். மியூசியம் 1968-லிருந்து யோயோகி பக்கம் இருந்தது. 2018 ஜனவரியில் இங்கே வந்தது. புதுக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபுமிஹிகோ மகி, பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய பெரிய கட்டடக் கலைஞர். 2024-ல் காலமானார்.

தோட்டத்துக்குப் பெயர் தந்த யசுதா ஸென்ஜிரோ, பேங்க் வைத்துப் பெரும் பணக்காரர் ஆனவர். 1921-ல் தன் கடலோர பங்களாவில், பார்க்க வந்த ஓர் ஆசாமியால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் மறைவுக்குப் பிறகு தோட்டம் டோக்கியோ நகரத்துக்கு வந்து சேர்ந்தது. கத்திக்குப் பலியானவரின் தோட்டத்தில் வாள்களுக்கு ஒரு வீடு! கதையில் எழுதினால் 'ரொம்ப செயற்கையா இருக்கே' என்று எடிட்டர் அடித்துவிடுவார்.

கண்காட்சி மூன்றாவது தளத்தில். ஒரே ஒரு ஹால். வெள்ளைத் துணி விரித்த மேடைகளில், கண்ணாடிக்குப் பின்னால், சில டஜன் வாள்கள். உறை இல்லை, கைப்பிடி இல்லை. வெறும் எஃகு. கூட வந்த நண்பர் டோக்கியோவில் பத்து வருஷமாக சாஃப்ட்வேர் பார்க்கிறவர். மூன்றாவது வாளிலேயே பொறுமை இழந்துவிட்டார். "என்ன சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு? டிக்கெட் வாங்கி கசாப்புக் கடையைப் பாக்கற மாதிரி..."

அவர் மேல் தப்பில்லை. இந்த வாள்களைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நேர் எதிரே நிமிர்ந்து நின்றால் வளைந்த இரும்புப் பட்டைதான் தெரியும். முட்டியைக் கொஞ்சம் மடக்க வேண்டும். தலையைச் சாய்த்து, மேலே இருக்கிற விளக்கின் ஒளி வாளின் மேல் ஓடும்படி கண்ணை மெதுவாக நகர்த்த வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று வெட்டும் விளிம்பை ஒட்டி, பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு எழும்பும். சிலதில் நேர்க்கோடு. சிலதில் அலை. சிலதில் வரிசையாகப் பூக்கள் மாதிரி புடைப்புகள். கோட்டின் எல்லையில் பனிப்புகை மாதிரி ஒரு மங்கல்; இன்னும் உற்றுப் பார்த்தால் அதற்குள் பொடிப்பொடியாக மினுக்கும் புள்ளிகள். கோட்டுக்கு மேலே எஃகின் உடம்பில் மரப்பலகை மாதிரி ரேகைகள்.

இதைக் கண்டுபிடித்ததும் நண்பர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஹாலில் எல்லோரும் முட்டி மடக்கி, எழுந்து, மறுபடி மடக்கி தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் புரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, விளக்கு அமைத்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். இந்த வாள்கள் ஃபோட்டோவில் வராது. நேரில்தான். அதுவும் நாம் அசைந்தால்தான்.

அந்த வெள்ளைக் கோட்டுக்கு ஜப்பானியத்தில் 'ஹாமொன்'. எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அடித்து முடித்த வாளின் மேல் களிமண் பூசுகிறார்கள். முதுகுப் பக்கம் தடிமனாக, வெட்டும் பக்கம் மெல்லிசாக. அதை உலையில் செந்தணலாக்கித் தண்ணீரில் முக்கினால், மெல்லிசாக மண் உள்ள பக்கம் சடாரென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி கெட்டிப்படுகிறது. தடிமனான பக்கம் மெதுவாகக் குளிர்ந்து, அடியைத் தாங்குகிற மாதிரி நெகிழ்வாகவே இருக்கிறது. கெட்டியும் நெகிழ்வும் சந்திக்கிற எல்லைதான் அந்தக் கோடு. கெட்டிப்படும்போது விளிம்பு கொஞ்சம் விரிகிறது. அதனால் வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. அந்த அழகான வளைவு தண்ணீருக்குள் அரை நிமிஷத்தில் நடக்கும் சமாசாரம். அந்த அரை நிமிஷத்தில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் பழைய இரும்பு.

இதற்கான எஃகும் சாதாரணக் கடைச் சரக்கு இல்லை. ஷிமானே மாகாணத்து மலைப்பகுதியில் இதே சங்கம் 1977-லிருந்து ஒரு பழைய முறை உலையை நடத்துகிறது. குளிர்காலத்தில் மட்டும். களிமண்ணில் உலை கட்டி, இரும்பு மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று இரவுகள் தூங்காமல் எரிக்கிறார்கள். கடைசியில் உலையையே உடைத்துத்தான் எஃகுப் பாளத்தை வெளியே எடுக்க முடியும். அதில் நல்ல பாகத்தைப் பொறுக்கி, லைசென்ஸ் உள்ள கொல்லர்களுக்குக் கொடுக்கிறார்கள். கொல்லராக ஐந்து வருஷமாவது குருகுலவாசம் வேண்டும். லைசென்ஸ் வாங்கின பிறகும் மாசத்துக்கு இரண்டு நீள வாள்தான் செய்யலாம் என்று கணக்கு. மனுஷன் சாப்பிட வேண்டாமா என்று கேட்காதீர்கள். அது தனிக் கட்டுரை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வாளுக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு. செய்தவர் பெயர், ஊர், காலம், நீளம், வளைவின் ஆழம், ஹாமொன் எந்த ரகம். ஒரு தேர்ந்த நகைக்கடையின் சுத்தம். கொல்லர் கையெழுத்திட்ட அடிக்காம்பு, அதாவது கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் பாகம், அதையும் காட்டுகிறார்கள். அதன் துருவைத் துடைப்பதில்லை. துருவின் நிறம்தான் வயதுக்குச் சாட்சி. இந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

ஆனால், அன்று நான் படித்த சீட்டுகள் ஒன்றிலும் 'வெட்டு' என்ற வார்த்தை கண்ணில் படவில்லை. இந்த ஹாலை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஓர் ஆள், ஜப்பானியர்கள் எழுநூறு எண்ணூறு வருஷமாக எஃகில் மேகம் வரைந்து பொழுதுபோக்கினார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இது மறதி இல்லை. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

வாளைப் பிடுங்குவது ஜப்பானுக்குப் புதிதல்ல. 1588-ல் ஹிதெயோஷி, குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறித்தார். உருக்கிப் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கப் போகிறேன், உங்களுக்குப் புண்ணியம் என்று காரணம் சொன்னார். 1876-ல் மெய்ஜி அரசாங்கம், சாமுராய்கள் பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு நடக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் இரண்டு தடவையும் பிடுங்கியவர்கள் ஜப்பானியர்கள். மூன்றாம் தடவை, 1945-ல், வந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு வாள் என்றால் ஆயுதம், அவ்வளவுதான். ஒப்படை என்றார்கள். லட்சக்கணக்கில் குவிந்தன. உருக்கினார்கள், கடலில் கொட்டினார்கள், சிப்பாய்கள் ஞாபகார்த்தமாக ஊருக்கு எடுத்துப் போனார்கள். டோக்குகாவா குடும்பத்தின் பரம்பரைச் சொத்தான 'ஹோன்ஜோ மஸாமுனே' என்ற வாள், 1939-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. அதை அந்தக் குடும்பத்தார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 1945 டிசம்பரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். இன்றுவரை அது எங்கே என்று தெரியாது.

இந்தக் களேபரத்தில் ஹொன்மா ஜுன்ஜி என்ற வாள் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் காட்வெல்லைப் பார்த்துப் பேசினார்கள். இவற்றில் பல ஆயுதமே இல்லை ஐயா, ஓவியம் மாதிரி, சிற்பம் மாதிரி என்று எடுத்துச் சொன்னார்கள். கர்னல் காது கொடுத்தார். கலை மதிப்புள்ள வாள்களைப் பரிசோதித்து, விலக்கு அளிக்கலாம் என்று ஏற்பாடானது. டோக்கியோவின் அகாபானே ராணுவக் கிடங்கில் குவிந்திருந்ததிலிருந்து ஐந்தாயிரத்துச் சொச்சம் வாள்கள் பிழைத்தன. சொந்தக்காரர்கள் யாரென்று தெரியாமல் அவை டோக்கியோ தேசிய மியூசியத்தில் அரை நூற்றாண்டு தூங்கின. மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றை 1999-ல் நாடெங்கும் உள்ள பொது மியூசியங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அதே ஹொன்மா முன்னின்று 1948-ல் தொடங்கியதுதான் இந்தச் சங்கம்.

'கலை' என்பது ஒரு வக்கீல் வாதம். கட்சிக்காரர் கழுத்தில் தூக்குக் கயிறு தொங்கும்போது சொன்ன வாதம். நல்ல வாதம், உண்மையும்கூட. அதில்தான் கல்வி வாரியச் சீட்டுக்கும் விதை. எண்பது வருஷம் கழித்தும் வக்கீல் அதே வாதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பிரச்னை. கேஸ் எப்போதோ ஜெயித்துவிட்டது சார். கட்சிக்காரர் இப்போதாவது உண்மையை முழுசாகச் சொல்லலாம்.

முழு உண்மை என்ன? வாள்களின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எதோ காலத்தில் கூர்மையைச் சோதிக்கத் தொழில்முறை ஆட்கள் இருந்தார்கள். யமதா அஸாஎமொன் என்ற பரம்பரை இதற்குப் பேர் போனது. மரண தண்டனை பெற்றவர்களின் உடலை மண்மேட்டில் கிடத்தி வெட்டிப் பார்ப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உடல், சில சமயம் மூன்று. முடிவை வாளின் அடிக்காம்பில் தங்கத்தால் பதிப்பார்கள்: 'இரண்டு உடல்' என்று, தேதியோடு. 1797-ல் ஒரு புத்தகம் கொல்லர்களைக் கூர்மைப்படி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ரேங்க் போட்டது. அந்த ரேங்க்கை ஜப்பானிய வாள் ரசிகர்கள் இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

தங்கப் பதிப்பு உள்ள வாள்கள் பல மியூசியங்களில் இருக்கின்றன. பார்க்க மிக அழகு, கரும்பழுப்புத் துருவில் மின்னும் பொன் எழுத்து. அந்த எழுத்தின் அர்த்தம்தான் இரண்டு மனிதர்கள். பெயர் கிடையாது. கொல்லருக்குப் பெயர் உண்டு, வெட்டினவருக்குப் பெயர் உண்டு. வெட்டுப்பட்டவர் வெறும் எண்ணிக்கை.

அதற்கப்புறம் இருபதாம் நூற்றாண்டு. 1937-ல் சீனாவில், இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் வாளால் யார் முதலில் நூறு பேரைக் கொல்வது என்று போட்டி போடுவதாக டோக்கியோ நாளிதழ் ஒன்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணிக்கை போட்டுச் செய்தி வெளியிட்டது. அந்த எண்ணிக்கை பத்திரிகையின் கைச்சரக்கு என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் செய்தி அச்சானதும், அதைப் படிக்க வாசகர்கள் இருந்ததும் நிஜம். அந்த இரண்டு பேரையும் நான்ஜிங்கில் சுட்டுத் தண்டித்தது 1948-ல். சங்கம் டோக்கியோவில் பிறந்த அதே வருஷம்.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மலாயாவில் உறவுகள் இருந்த குடும்பங்களில் 'ஜப்பான்காரன் காலம்' என்றால் 1942-லிருந்து 1945 வரை. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அந்தத் தலைமுறையின் ஞாபகத்தில் அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாள் நிச்சயமாகக் கலைப்பொருளாக இல்லை.

இதற்கு மியூசியத்தின் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. யுத்தகால வாள்களில் பெரும்பாலானவை ஃபாக்டரியில் குவித்த மட்டச் சரக்கு. பழைய முறையில் செய்யாததால் அவற்றுக்குக் கல்வி வாரியச் சீட்டும் கிடைக்காது. இங்கே இருப்பது வேறு ஜாதி. சரிதான். ஆனால் முழுக்கச் சரி இல்லை. தாத்தாவின் பழைய வாளுக்கு ராணுவக் கைப்பிடியும் உறையும் மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போன அதிகாரிகள் ஏராளம். எஃகுக்கு இந்த ஜாதி வித்தியாசம் தெரியாது.

தர்மம், நியாயம் பேசி உங்களை உட்காரவைக்க உத்தேசமில்லை. என் குறை ரசனை சம்பந்தப்பட்டது. உபயோகத்தை மறைத்தால் அழகும் பாதிதான் புரிகிறது. அந்த வெள்ளைக் கோடு ஏன் இருக்கிறது? எலும்பில் மோதும்போது விளிம்பு மழுங்கக்கூடாது, வாளும் முறியக்கூடாது என்ற ஒரு பயங்கரமான கணக்குக்கு ஒரு மேதை கண்ட விடை அது. அந்த வளைவு, குதிரை மேலிருந்து இழுத்து வெட்டச் சௌகரியமானது. அழகு என்று நாம் முட்டி மடக்கிப் பார்க்கிற ஒவ்வொன்றும் 'எப்படி வெட்டினால் நல்லது' என்ற கேள்விக்குச் சொன்ன பதில். கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பதிலை மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டினால் எப்படி? கேள்வி தெரிந்து பார்க்கிறவனுக்கு அழகு குறையாது. கூடவே கொஞ்சம் வயிற்றைப் பிசையும். ரெண்டும் சேர்ந்ததுதான் வாள்.

வேடிக்கை என்னவென்றால், மியூசியம் சொல்லாத கதையைக் கேட்டு ஒரு கூட்டமே வருகிறது. 2015-ல் 'தோகென் ரான்பு' என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. புகழ்பெற்ற வாள்கள் எல்லாம் அழகான இளைஞர்களாக உருவெடுத்து வரும். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு குணம், ஒரு சோகம், பழைய எஜமானனைப் பற்றி ஒரு ஏக்கம். இளம்பெண்கள் மத்தியில் அப்படி ஒரு கிறுக்கு! இந்தச் சங்கத்திடம் இருக்கும் 'அகாஷி குனியுகி' என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு வாளும் அதில் ஒரு பாத்திரம். நான் போனபோதும் ஹாலில் பாதிப்பேர் இருபதுகளில் இருந்த பெண்கள். பென்சிலும் நோட்டுமாக, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. 1945-ல் தொலைந்துபோன 'ஹோதாருமாரு' வாளைத் திரும்பச் செய்யப் போகிறோம் என்று கொல்லர்கள் பணம் கேட்டபோது, கேட்டதைவிடப் பல மடங்கு கொட்டியது இந்த ரசிகர் கூட்டம்தான்.

சிரிக்காதீர்கள். அந்தப் பெண்கள் வாளைப் பார்த்துக் கேட்பது, 'நீ யாரிடம் இருந்தாய், என்ன பார்த்தாய், உனக்கு என்ன ஆச்சு?' என்றுதான். சரியான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய சீட்டு, '72 சென்டிமீட்டர்' என்கிறது.

மியூசியத்திலிருந்து கிளம்பிச் சில நிமிஷம் நடந்தால் யொகோஅமிசோ பூங்கா. 1923 பூகம்பத்தின்போது இந்த மைதானத்தில் தஞ்சம் புகுந்த சுமார் 38,000 பேர் தீச்சுழலில் கருகிப்போனார்கள். அதற்காகக் கட்டிய நினைவு மண்டபத்தில் பிறகு டோக்கியோ குண்டுவீச்சில் இறந்தவர்களின் சாம்பலையும் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். நாலு பேர் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் ஊரில் இறந்தவர்களை இவ்வளவு கவனமாக எண்ணி வைக்கத் தெரிந்த நகரம் இது. அந்தக் கவனத்தில் ஒரு சிட்டிகையை அடுத்த வீட்டு வாள்களுக்கும் கொடுக்கலாம்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தனி ஹால் வேண்டாம், ரத்தச் சிவப்பு விளக்கு வேண்டாம். மன்னிப்புக் கடிதமும் யாரும் கேட்கவில்லை. இருக்கிற சீட்டில் இரண்டு வரி போதும். இந்த வாள் எப்படி வெட்டியது, எந்தக் கைகளில் இருந்தது, 1945-ல் எப்படித் தப்பியது. தங்க எழுத்து இருந்தால் அதன் அர்த்தம், அதில் வரும் இரண்டு பேர் கைதிகள் என்ற தகவல். அவ்வளவுதான். அடிக்காம்பின் துருவைத் துடைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். துரு என்பது வயதுக்குச் சாட்சி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். சாட்சியில் பாதியை மட்டும் ஏன் துடைக்க வேண்டும்?

எப்படியும் டோக்கியோ போனால் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே தைலம் எடுத்துப் போவது நல்லது.